தெய்வம் இறங்கும் உடல்: பாஹியாவின் முரசும் இனவெறிக்கு எதிரான ஆட்டமும்

இனவெறி முதலில் உடலைப் பற்றிய ஒரு தீர்ப்பு. தோலின் நிறத்தையும் முடியின் சுருளையும் பார்த்து, அந்த உடலுக்குள் குடியிருக்கும் அறிவும் ஒழுக்கமும் ஆன்மாவும் தாழ்ந்தவை என்று முடிவுகட்டுவதே அதன் அடிப்படை. சட்டமும் சந்தையும் காவல்துறையும் பின்னால் வந்து அந்தத் தீர்ப்பை நிறைவேற்றுகின்றன. அத்தீர்ப்பை மறுத்து எழுதப்பட்ட நூல்களும் ஆற்றப்பட்ட உரைகளும் ஏராளம். ஆனால் தீர்ப்பு உடலின்மீது எழுதப்பட்டிருக்கும்போது மறுப்பும் உடலிலிருந்தே எழ முடியுமா, சொல்லின் துணையில்லாமல் ஓர் ஆட்டமும் அதற்கான தாளமும் வாதமாக நிற்க முடியுமா என்ற கேள்வியைத் தத்துவ நூல்கள் அவ்வளவாகப் பொருட்படுத்தியதில்லை. ஆட்டம் உணர்ச்சியின் வெளிப்பாடு, வாதம் அறிவின் வேலை என்ற பழைய பிரிவினையே இதற்குக் காரணம். பிரேசிலின் வடகிழக்கிலுள்ள பாஹியா மாநிலத்தில், குறிப்பாக அதன் தலைநகரான சால்வடோரில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களும் அவர்களுடைய வழித்தோன்றல்களும் வளர்த்தெடுத்த சமயமும், அச்சமயத்திலிருந்து தெருவுக்கு வந்த ஆட்ட இசையும் இந்தப் பிரிவினையை ஏற்காதவை.

அட்லாண்டிக் அடிமை வணிகத்தில் உயிரோடு கரைசேர்ந்த ஆப்பிரிக்கர்களில் 40 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர், அதாவது ஏறத்தாழ 48 லட்சம் பேர், பிரேசிலில் இறக்கப்பட்டார்கள் என்று வரலாற்றாய்வாளர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள். 1888 மே 13 அன்றுதான் அங்கே அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அமெரிக்கக் கண்டங்களில் அதைக் கடைசியாகக் கைவிட்ட நாடு பிரேசில். மேற்கு ஆப்பிரிக்காவின் யொரூபா, ஃபோன் மொழியினரும் அங்கோலாப் பகுதியின் பான்டு மொழியினரும் தத்தம் தெய்வங்களையும் தாளங்களையும் நினைவில் சுமந்துவந்து, ஒரே நகரத்தில் கலந்து வாழ நேர்ந்ததன் விளைவாக 19ஆம் நூற்றாண்டில் சால்வடோரில் உருப்பெற்ற சமயம் காண்டொம்ப்ளே எனப்படுகிறது. அதற்கு வேதநூல் இல்லை. அதன் அறிவு முழுவதும் பாட்டிலும் மூலிகையிலும் சமையலிலும் முரசிலும் ஆட்டத்திலும் தங்கியிருக்கிறது. ஒன்றை அறிந்தவர் என்றால் அதை ஆடத் தெரிந்தவர், அடிக்கத் தெரிந்தவர், படைக்கத் தெரிந்தவர் என்பதே அங்கே பொருள்.

காண்டொம்ப்ளேயின் தெய்வங்கள் ஒரிஷாக்கள் எனப்படுகின்றன. காற்றுக்கும் புயலுக்கும் இயன்சா, இரும்புக்கும் போருக்கும் ஓகும், இடிக்கும் நீதிக்கும் ஷாங்கோ, நன்னீருக்கும் அழகுக்கும் ஒஷும், படைப்புக்கும் வெண்மைக்கும் ஒஷாலா என்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் ஒரு புலம் உண்டு. இவற்றை வழிபடும் வளாகம் தெரெய்ரோ. அதற்குத் தலைமை தாங்குபவர் பெரும்பாலும் ஒரு பெண், அவர் இயலோரிஷா என்றும் பேச்சு வழக்கில் ‘தாய்’ என்றும் அழைக்கப்படுகிறார். அஷே என்பது எல்லாப் பொருள்களிலும் ஓடும் உயிராற்றல். வழிபாடு அந்த ஆற்றலைப் பெருக்கி, பகிர்ந்து, தெய்வத்துக்கும் மனிதருக்கும் இடையே ஓடவிடும் செயல். தெய்வத்தை நோக்கிக் கைகூப்பி நிற்பது இச்சமயத்தின் நடுவிடத்தில் இல்லை. தெய்வம் வந்து, தன்னுடைய பிள்ளையின் உடலில் இறங்கி, அந்த உடலைக் கொண்டு ஆடுவதே வழிபாட்டின் உச்சம். சாமியாட்டத்தையும் அருள்வாக்கையும் அறிந்த சமூகத்துக்கு இது விளங்காத செய்தியல்ல.

அந்த இறக்கத்துக்கு வழிகாட்டுவது முரசு. அதபாக்கி எனப்படும் உயரமான மூன்று முரசுகள் தெரெய்ரோவின் மண்டபத்தில் வரிசையாக நிற்கின்றன: சிறிய இரண்டும் மெல்லிய குச்சிகளால் இடைவிடாமல் ஒரே தாளத்தைப் பிடித்திருக்க, ரும் எனப்படும் பெரிய முரசு தாழ்ந்த குரலில் அவற்றினூடே பேசுகிறது, ஆடுபவரின் கால் எப்போது திரும்ப வேண்டும், தோள் எப்போது குலுங்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. இந்த முரசுகளுக்கும் படையல் உண்டு. அவை உயிருள்ளவையாக மதிக்கப்படுகின்றன. ஒவ்வோர் ஒரிஷாவுக்கும் தனித் தாளம் இருக்கிறது. ஷாங்கோவின் அலுஜா தாளம் இடிபோல விரைவது, ஒஷுமின் இஜெஷா தாளம் ஆற்றோட்டம்போலத் தளர்வது, முதிய ஒஷாலாவுக்கான தாளத்தில் ஆடுபவர் முதுகு வளைந்து கோலூன்றி அடிமேல் அடிவைத்து நகர்வார். கூலி வேலைக்கும் வீட்டு வேலைக்கும் சென்று திரும்பிய ஒரு பெண், அந்தத் தாளத்தின் நடுவில், அறையிலிருக்கும் அனைவரும் எழுந்து வணங்கும் தெய்வமாகிறார்.

ஒமோலு என்ற தெய்வத்தைப் பற்றிய ஒரு புராணம் இங்கே தனியாகச் சொல்லத்தக்கது. ஒமோலு அம்மைநோய்க்கும் அதன் குணப்பாட்டுக்கும் உரியவர். உடலெங்கும் தழும்பும் புண்ணும் கொண்டவராகையால் தலைமுதல் கால்வரை வைக்கோல் ஆடையால் தம்மை மூடிக்கொண்டிருப்பவர். ஒரிஷாக்கள் எல்லாரும் கூடி ஆடிய விழா ஒன்றுக்கு அவர் வந்தபோது, அவரோடு சேர்ந்தாட யாரும் முன்வரவில்லை. இயன்சா அவரருகே சென்று தன் காற்றை வீசினாள். வைக்கோல் விலகியது, புண்கள் பொரியாக வெடித்துத் தரையெங்கும் சிதறின, உள்ளிருந்து பேரழகுள்ள இளைஞன் ஒருவன் வெளிப்பட்டான், இருவரும் சேர்ந்து ஆடினார்கள். அதனால்தான் இன்றும் சோளப்பொரி ஒமோலுவுக்கான படையல். இப்புராணத்தில் விலக்கப்பட்டவர் தம் தகுதியைச் சொல்லால் நிறுவவில்லை, விலக்கியவர்களிடம் முறையிடவும் இல்லை. ஆட்டத்திலிருந்து தள்ளப்பட்டவருடைய நிலை ஆட்டத்திலேயே மாறுகிறது. அவரது அழகு அப்போது புதிதாக அருளப்பட்டதுமல்ல, பார்ப்பவர்களின் கண்ணுக்கு மறைந்திருந்தது மட்டுமே.

காண்டொம்ப்ளேயின் இறையியல் இனவெறிக்குத் தரும் விடை இங்கிருந்து தொடங்குகிறது. ஏலத்தில் பல்லைப் பிடித்துப் பார்த்து விலைபேசப்பட்ட அதே உடலைத்தான் தெய்வம் தன் இருப்பிடமாகத் தேர்ந்துகொள்கிறது என்றால், அந்த உடல் தாழ்ந்தது என்ற கூற்று பொய்யாகிறது. கிறித்தவ அடிமை உரிமையாளர்கள் பலர், அடிமையின் ஆன்மா மீட்புக்குரியது, உடல் மட்டும் எசமானுக்குரியது என்று இரண்டையும் பிரித்துத் தங்கள் மனச்சான்றைத் தேற்றிக்கொண்டார்கள். உடலில்லாமல் தெய்வத்தின் வருகையே இல்லை என்று கொள்ளும் சமயத்தில் அத்தகைய பிரிவினைக்கு இடமில்லை. ஆடும் உடல் ஒரு கருத்துக்கு விளக்கப்படமாக அமைவதில்லை. அது கருத்தின் மெய்ப்பாடு.

எதிர்த்தரப்பும் இதை உணர்ந்திருந்தது என்பதற்கு ரைமுண்டோ நீனா ரொட்ரிகெஸ் என்ற சால்வடோர் மருத்துவப் பேராசிரியரின் எழுத்துகள் சான்று. 1894இல் வெளியான நூலில், இனங்கள் மனவளர்ச்சியில் வேறுபடுவதால் குற்றப் பொறுப்பும் இனத்துக்கேற்ப வேறுபட வேண்டும் என்று வாதிட்ட அவர், அடுத்த சில ஆண்டுகளில் தெரெய்ரோக்களுக்கு நேரில் சென்று, அருள் ஏறி ஆடும் பெண்களை ஆராய்ந்து, அந்நிலையை நரம்புக் கோளாறோடும் தூக்க மயக்கத்தோடும் சேர்த்து வகைப்படுத்தினார். பிற்கால ஆய்வாளர்கள் அனைவரும் நன்றியோடு பயன்படுத்தும் அளவுக்கு அவருடைய குறிப்புகள் நுணுக்கமானவை. அவர் எட்டிய முடிவோ மன்னிக்க முடியாதது. ஒரே ஆட்டத்தில் தெரெய்ரோவின் மக்கள் தெய்வத்தின் தேர்வைக் கண்டார்கள், அவர் இனத்தின் தாழ்வைக் கண்டார். தர்க்கம் உடலைப் பற்றியதாக இருந்தபடியால், இரு தரப்பும் அதே உடலைத்தான் சான்றாகக் காட்ட வேண்டியிருந்தது.

ஆட்டம் எதிர்ப்பாகாது, எதிர்ப்பை வடியவிடும் மடைதான் என்ற வாதத்தையும் ஆள்வோரே முதலில் வைத்தார்கள். 1810 முதல் 1818 வரை பாஹியாவின் ஆளுநராக இருந்த ஆர்கோஸ் கோமகன், அடிமைகள் ஞாயிறுகளில் முரசடித்து ஆடுவதைத் தடுக்க வேண்டாம் என்று கருதினார். கருணையால் அவர் அவ்வாறு கருதவில்லை. ஒவ்வொரு வாரமும் தத்தம் நாட்டு ஆட்டத்தை ஆடும் ஆப்பிரிக்கர்கள் தங்களுக்குள் இருந்த பழைய பகைகளை மறக்கமாட்டார்கள், ஒன்றுசேரமாட்டார்கள் என்பது அவருடைய கணக்கு. நில உடைமையாளர்களோ அந்த முரசொலியில் கலகத்தின் அழைப்பைக் கேட்டார்கள். 1835 சனவரியில் சால்வடோரில் முஸ்லிம் ஆப்பிரிக்கர்கள் தலைமையேற்று நடத்திய மலே கிளர்ச்சி நகரத்தை உலுக்கியபின், கண்காணிப்பு எல்லார்மீதும் இறுகியது. இங்கே கவனிக்க வேண்டியது, அனுமதித்தவரும் தடுத்தவரும் ஆட்டத்தை ஒரு கருவியாக மட்டுமே பார்த்தார்கள் என்பதே. ஆளுபவர் ஒரு செயலுக்கு இடம் தரும் நோக்கம் அச்செயலின் பொருளைத் தீர்மானித்துவிடுவதில்லை. ஆர்கோஸ் எதிர்பார்த்ததற்கு மாறாக, வெவ்வேறு நாட்டவரின் தெய்வங்கள் ஒரே தெரெய்ரோவின் கூரைக்கீழ் அடுத்தடுத்து ஆடத் தொடங்கின. பகையைக் காக்க வேண்டிய முரசு உறவை வளர்த்தது.

அடிமைமுறை ஒழிந்தபின் ஒடுக்குமுறை சட்டத்தின் வேறு பிரிவுகளுக்குள் புகுந்துகொண்டது. 1890ஆம் ஆண்டின் குற்றவியல் சட்டம் மாந்திரீகத்தையும் நாட்டு மருத்துவத்தையும் குற்றமாக்கியது. அதன் பெயரால் தெரெய்ரோக்களுக்குள் காவலர்கள் நுழைந்தார்கள். 1905இல் சால்வடோர் காவல்துறை, கார்னிவல் எனப்படும் தவக்காலத்துக்கு முந்தைய திருவிழாவில் ஆப்பிரிக்க உடையும் முரசடியும் கொண்ட ஊர்வலங்களைத் தடைசெய்தது. 1920களில் சோதனைகள் உச்சத்தை எட்டின. பறிமுதல் செய்யப்பட்ட முரசுகளும் தெய்வ உருவங்களும் சட்ட மருத்துவ நிறுவனத்தோடு இணைந்த அருங்காட்சியகம் ஒன்றில், கொலைக்கருவிகளுக்குப் பக்கத்தில், 20ஆம் நூற்றாண்டின் இறுதி வரையில் காட்சிக்கு இருந்தன என்பது எண்ணிப்பார்க்கவே கூசும் செய்தி. எழுத்தாளர் ஜார்ஜ் அமாடு நாடாளுமன்ற உறுப்பினராக இருந்து கொண்டுவந்த வழிபாட்டுச் சுதந்திரப் பிரிவு 1946ஆம் ஆண்டின் அரசமைப்பில் இடம்பெற்றபின்னும், பாஹியாவில் தெரெய்ரோ விழா நடத்தக் காவல்துறையிடம் பதிவுசெய்ய வேண்டியிருந்தது. அந்தக் கட்டாயம் 1976இல்தான் நீங்கியது.

இவ்வளவுக்கும் நடுவில், பிரேசிலில் இனப் பாகுபாடே இல்லை, எல்லா நிறத்தவரும் கலந்து இணக்கமாக வாழும் ‘இன மக்களாட்சி’ அது என்ற கோட்பாடு நாட்டின் பெருமிதமாகவே பரப்பப்பட்டுவந்தது. 1950இல் அமெரிக்கக் கறுப்பின நடனக் கலைஞரும் மானுடவியலாளருமான கேத்தரின் டன்ஹமுக்குச் சாவோ பாவ்லோவின் விடுதி ஒன்றில் நிறத்தின் காரணமாக அறை மறுக்கப்பட்டது. அதை அவர் வெளிப்படையாகப் பேசியதால் எழுந்த சலசலப்பு, மறு ஆண்டிலேயே பிரேசிலின் முதல் பாகுபாட்டுத் தடைச் சட்டமாகிய அஃபொன்சு அரினோஸ் சட்டத்துக்கு வழிவகுத்தது. ஆனால் அச்சட்டம் பாகுபாட்டைச் சிறு குற்றமாக மட்டுமே கருதியது. இல்லாத நோய்க்கு மருந்து எதற்கு என்ற மனநிலையே மேலோங்கியிருந்தது.

சால்வடோரின் தெருவில் வேறொரு விடை அதற்கு முன்பே வடிவெடுத்திருந்தது. 1949 பிப்ரவரியில், காந்தி கொல்லப்பட்டு ஓராண்டு கழிந்த நிலையில், துறைமுகச் சுமைதூக்கும் தொழிலாளர்கள் சேர்ந்து ‘காந்தியின் மைந்தர்கள்’ என்ற ஆட்டக் குழுவைத் தொடங்கினார்கள். வெள்ளைத் துணியை உடலில் சுற்றி, துண்டைத் தலைப்பாகையாகக் கட்டி, ஒஷாலாவுக்கும் ஓகுமுக்கும் உரிய வெள்ளையும் நீலமுமான மணிமாலைகளை அணிந்து, தெரெய்ரோவின் இஜெஷா தாளத்தில் அவர்கள் ஊர்வலம் வந்தார்கள். இத்தகைய குழு அஃபொஷே எனப்படுகிறது. தெருவின் காண்டொம்ப்ளே என்றே அதை மக்கள் சொல்வார்கள். கறுப்புத் தொழிலாளர்களின் திரளைக் கண்டால் தடியோங்கும் காவல்துறைக்கு முன்னால், குடியேற்ற ஆட்சியை அகிம்சையால் எதிர்த்த ஒருவருடைய பெயர் அவர்களுக்குக் காப்பாகவும் இருந்தது, உறவுப் பிரகடனமாகவும் இருந்தது. இந்தியாவில் இன்றும் பலர் அறியாத இந்தக் காந்தி, வழிபாட்டுக் கூட்டத்தில் மௌனமாக அமர்ந்தவரல்லர்; ஆப்பிரிக்கத் தெய்வங்களின் தாளத்தில் ஆயிரக்கணக்கானோரை ஆடவைப்பவர்.

காந்தியின் மைந்தர்கள் அமைதியான தாளத்தில் சொன்னதை, கால் நூற்றாண்டு கழித்து, இலே அயே என்ற குழு நேருக்கு நேர் சொன்னது. 1974இல் பிரேசில் இராணுவ ஆட்சியின் கீழிருந்தது. இனப் பிரச்சினை இருக்கிறது என்று பேசுவதே நாட்டைப் பிளக்கும் செயலாகப் பார்க்கப்பட்ட காலம் அது. சால்வடோரின் பணக்காரக் கார்னிவல் குழுக்களில் கறுப்பினத்தவருக்கு இடமில்லை. அக்குழுக்களைச் சுற்றிக் கயிறு பிடித்து நடக்கும் கூலி வேலைக்குத்தான் அவர்கள் தேவைப்பட்டார்கள். போர்ச்சுகலின் ஆப்பிரிக்கக் குடியேற்றங்கள் விடுதலை பெற்றுவந்த செய்தியும் அமெரிக்கக் கறுப்பின இயக்கத்தின் செய்தியும் லிபெர்தாதே என்ற உழைப்பாளர் பகுதியின் இளைஞர்களை எட்டியபோது, வோவோ என்று அழைக்கப்படும் அந்தோனியோ கார்லோஸ் தோஸ் சாந்தோசும் அப்போலோனியோ தெ ஜெசுசும் கறுப்பினத்தவர் மட்டுமே உறுப்பினராகும் ஒரு குழுவைத் தொடங்கினார்கள். அதற்கு ‘கறுப்பு அதிகாரம்’ என்று பெயரிட முதலில் எண்ணம் இருந்தது. அந்த ஆட்சியில் அது ஆபத்தை விலைக்கு வாங்குவதாகும் என்பதால் யொரூபா மொழிப் பெயர் ஏற்கப்பட்டது. இலே என்றால் வீடு, அயே என்றால் உலகம். வோவோவின் தாயார் இல்டா ஜிடோலு, அப்பகுதியின் குருசு மேட்டுத் தெருவிலிருந்த தெரெய்ரோவின் இயலோரிஷா. குழு பிறந்தது அந்தத் தெரெய்ரோவில்தான். 1975இல் முதல் ஊர்வலம் கிளம்பியபோது அவரும் உடன் நடந்தார்.

அந்த ஊர்வலத்துக்காக பவுலீஞ்ஞோ கமஃபெயு இயற்றிய பாடல், இது எந்தக் குழு என்று வியப்போடு கேட்டு, கறுப்பு உலகம் தன்னைக் காட்ட வந்திருக்கிறது என்ற பொருளில் விடை சொல்கிறது. கில்பெர்டோ கில் 1977இல் அதைப் பதிவுசெய்தபின் நாடே அறிந்தது. ஆனால் முதல் ஆண்டில் கிடைத்த வரவேற்பு வேறு. ‘ஆ டார்டே’ நாளேடு குழுவை இனவெறிக் குழு என்றே வருணித்தது. நம் நாட்டில் இல்லாத பிரச்சினையை வெளியிலிருந்து இறக்குமதி செய்கிறார்கள் என்று குற்றம்சாட்டியது.

இந்தக் குற்றச்சாட்டை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது, ஏனெனில் அது ஒரு மெய்யான அறக் கேள்வியைத் தொடுகிறது: எல்லா மனிதரும் சமம் என்று நிறுவ வந்த குழு, நிறத்தைப் பார்த்து உறுப்பினரைச் சேர்ப்பது தன்னையே மறுப்பதாகாதா? ஒரே விதியை எல்லாருக்கும் பொருத்திப் பார்க்கும் ஒழுக்கவியல் ஆம் என்றே சொல்லும். எனினும், விலக்குவதற்காகப் போடப்படும் வேலியும் விலக்கப்பட்டவர்கள் கூடுவதற்காகக் கட்டும் வீடும் வெளித்தோற்றத்தில் ஒத்திருந்தாலும் செய்யும் வேலையால் வேறானவை. பணக்காரக் குழுக்களின் வேலி, கறுப்பு உடல் அழகற்றது என்ற தீர்ப்பை ஆண்டுதோறும் நகரத்தின் முன் உறுதிசெய்தது. இலே அயேயின் வீடோ யாருடைய உடலையும் தாழ்வென்று சொல்லவில்லை. ஓர் ஆட்டத்தில் கறுப்பு உடல் மற்றொருவரின் பின்னணியாகாமல், தன்னளவில் காணத்தக்கதாக நிற்பதற்கான இடத்தை உண்டாக்கியது. ஐந்தில் நான்கு பங்கு மக்கள் ஆப்பிரிக்க வழியினராக உள்ள ஒரு நகரத்தில் அதற்கு 1975 வரை காத்திருக்க நேர்ந்தது என்பதே பிரச்சினை இறக்குமதியானதல்ல என்பதற்குச் சான்று.

புனிதமான தாளத்தைத் தெருவுக்குக் கொண்டுவருவது தகுமா என்பது சமயத்துக்கு உள்ளிருந்தே எழுந்த கேள்வி. 1983இல் மெனினீஞ்ஞா, ஸ்டெல்லா தெ ஒஷோசி உள்ளிட்ட ஐந்து மூத்த இயலோரிஷாக்கள், காண்டொம்ப்ளே கத்தோலிக்கத்தின் நிழலில் ஒதுங்கி வாழத் தேவையில்லாத முழுச் சமயம் என்று அறிவித்ததோடு, அதைச் சுற்றுலாக் காட்சியாகவும் நாட்டுப்புற வேடிக்கையாகவும் ஆக்குவதைக் கண்டித்தார்கள். இலே அயே இவ்வகையில் நுட்பமாக நடந்துகொண்டிருக்கிறது. அருள் இறங்கும் வழிபாடு தெரெய்ரோவுக்குள்ளேயே நிற்கிறது. தெருவுக்கு வருவது அதன் தாளமும் நிமிர்வும் மட்டுமே. கார்னிவல் சனிக்கிழமை இரவு, குழு கிளம்பும் முன், தெரெய்ரோ வாசலில் இயலோரிஷா சோளப்பொரியையும் வேகவைத்த வெள்ளைச் சோளத்தையும் கூட்டத்தின்மீது அள்ளித் தூவி, வெண்புறாக்களைப் பறக்கவிடுகிறார். ஒமோலுவின் பொரி ஆடப்போகிறவர்களின் தலையிலும் தோளிலும் விழுகிறது. அதன்பிறகே முரசுகள் மேட்டிலிருந்து இறங்குகின்றன. அந்த வாசலுக்கு இப்புறம் ஆட்டம் வழிபாடு, அப்புறம் அரசியல் என்று கோடு கிழிப்பது, அங்கே பொரியை ஏந்தி நிற்பவர்களுக்குப் பொருள்படாது.

1979இல் தொடங்கிய ஒலோதும் குழுவின் கதை பரவலாக அறியப்பட்டது. இலே அயேயிலிருந்து அக்குழுவுக்கு வந்த நெகீஞ்ஞோ தோ சாம்பா என்ற முரசுக் கலைஞர் சாம்பாவையும் ஜமைக்காவின் ரெகேயையும் இணைத்து உருவாக்கிய சாம்பா-ரெகே, அடிமைகளைக் கட்டிவைத்துச் சாட்டையால் அடித்த தூண் நின்ற பெலோரின்யோ பகுதியில் ஒலித்து, 1990களில் பால் சைமன், மைக்கேல் ஜாக்சன் ஆகியோர் வழியாக உலகம் முழுவதும் சென்றது. புகழ் பெருகியபோது பணமும் விளம்பரமும் வந்தன. பெலோரின்யோ சுற்றுலாவுக்காகச் சீரமைக்கப்பட்டபோது அங்கே நெடுங்காலம் வாழ்ந்த ஏழைக் கறுப்புக் குடும்பங்கள் வெளியேற்றப்பட்டன. முரசொலியை விரும்பிய நகரம் முரசடிப்பவரின் அண்டை வீட்டாரை விரும்பவில்லை. ஆட்டம் வாதமாக நிற்க முடியும் என்றாலும், கேட்பவர் அதை வெறும் இன்பமாக மட்டும் எடுத்துக்கொண்டு போய்விட முடியும் என்பதை இது காட்டுகிறது. எழுத்து வடிவ வாதத்துக்கும் இதே கதி நேர்வதுண்டு என்றாலும், தாளம் இவ்வளவு எளிதில் விற்கப்படுவது அதற்கே உரிய பலவீனம்.

அதற்காக, ஆட்டத்தின் மகிழ்ச்சியைத் துயரத்தின் மறதி என்று கொள்வது தவறு. இலே அயே ஒவ்வோர் ஆண்டும் ஓர் ஆப்பிரிக்க நாட்டையோ கறுப்பினக் கிளர்ச்சியையோ பொருளாக எடுத்துக்கொண்டு, அதைப் படித்து, பாடலாக்கி, உடையில் வரைந்து ஆடுகிறது. நினைவை மூடிவைப்பதால் வரும் மகிழ்ச்சி இதுவல்ல. நினைவுகூர்ந்தபின்னும் எஞ்சும் மகிழ்ச்சி. தாழ்த்தப்பட்டவர் துயரத்தோடு மட்டுமே தோன்ற வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் அவருடைய உடலின்மீது செலுத்தப்படும் ஒரு வகை ஆதிக்கம்தான்.

இந்தப் போராட்டம் முடிந்த கதையல்ல. சால்வடோரின் இயலோரிஷாக்களில் ஒருவரான ஜில்டாவின் படத்தை அவர் அனுமதியின்றி ஒரு திருச்சபை இதழ் மோசடிக்காரர் என்ற பழியோடு வெளியிட்டது. அதைத் தொடர்ந்த துன்புறுத்தல்களுக்கு நடுவில் 2000 சனவரி 21 அன்று அவர் இறந்தார். அந்த நாளை 2007ஆம் ஆண்டின் சட்டம் சமயச் சகிப்பின்மைக்கு எதிரான தேசிய நாளாக அறிவித்தது. இன்றும் நாட்டின் பல பகுதிகளில் தெரெய்ரோக்கள் உடைக்கப்படுகின்றன, எரிக்கப்படுகின்றன. பழைய காவல்துறை ஆணைகளின் இடத்தைச் சில புதிய சபைகளின் பிரசங்கம் பிடித்திருக்கிறது. முரசொலியில் சாத்தானைக் கேட்கும் காது மட்டும் மாறவில்லை. மறுபுறம், குருசுவின் அதே தெரெய்ரோவில் 1988இல் இல்டா தொடங்கிய பள்ளியில், அப்பகுதிக் குழந்தைகள் எழுத்தோடு சேர்த்து ஆப்பிரிக்க வரலாற்றையும் கற்றுவந்தார்கள்; அந்த வரலாற்றை எல்லாப் பள்ளிகளிலும் கற்பிக்க வேண்டும் என்று பிரேசில் அரசு சட்டமியற்றியது அதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2003இல்தான்.